ஒரே குத்துல ஆள் விழணும், அக்கா

புதிதாகச் சேருகிற பிள்ளை யாராக இருந்தாலும் இரண்டாவது வாரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். போன சனிக்கிழமையும் வந்தது. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு காலி மனையில், காலை ஆறு மணிக்கு, பதினொரு பெண் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். காலடி பழகிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டென்று நின்று, "கம்பை பஸ்ஸுல தூக்கிட்டுப் போக முடியாதுல்லக்கா. வர்மத்துல ஒரு இடம் சொல்லுங்க, ஒரே குத்துல ஆள் விழணும்" என்றாள்.

வர்மம் என்பது உடம்பில் அடிபட்டால் ஆளை முடக்குகிற நுட்பமான இடங்களைப் பற்றிய பழைய வித்தை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதிலை நானே ஒரு டவுன் பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கம்பு எடுத்துக் கொடுத்தவர் பெரியப்பா. அலங்காநல்லூர் பக்கம் அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். இளவயதில் கன்னியாகுமரிப் பக்கம் ஓர் ஆசானிடம் இரண்டு வருடம் தங்கி வர்மமும் கொஞ்சம் படித்தவர். உடம்பில் வர்ம இடங்கள் மொத்தம் 108, அதில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96 என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பார். புருவ மத்தியில் திலர்தகாலம் என்று விரலை வைத்துக் காட்டுவார். அடிக்கச் சொல்லித் தாருங்கள் என்றால் மட்டும், "முதல்ல அடங்கல் படி, தாயி" என்பார். அடிபட்டவரை மீட்டெடுக்கிற முறைக்கு அடங்கல் என்று பெயர். அதைப் படிக்கவே எனக்கு ஐந்தாறு வருடம் ஆயிற்று.

அந்தப் பஸ் சம்பவம் நடந்தபோது எனக்கு 23 வயது. பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகிற பஸ், சாயங்கால நெரிசல். குடித்திருந்த ஓர் ஆள் பின்னாலிருந்து என் மேல்கையைப் பிடித்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள குழியில் அழுத்தினால் பிடி விட்டுப்போகும் என்று படித்திருந்தேன். வீட்டில் சித்தப்பா மகனுக்கு அழுத்திப் பார்த்தால் அலறுவான். அந்த ஆளுக்கு அழுத்தினேன். ஒன்றுமே ஆகவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, என் விரலும் வழுக்கிவிட்டது. பயத்தில் முழங்கையைப் பின்னால் இடித்தேன், அவன் விலாவில் விழுந்தது. கத்தினேன். பிடி தளர்ந்ததும் கண்டக்டர் பக்கம் ஓடினேன்.

அன்று ராத்திரி பெரியப்பாவிடம் அழுதுகொண்டே, நீங்கள் சொல்லிக்கொடுத்தது பொய்யா என்று கேட்டேன். "நீ அழுத்துனது வலிக்கிற இடம். குடிச்சவனுக்கு வலி எங்க தெரியும்?" என்றார்.

இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் என் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சில இடங்கள் வலியை மட்டும் தரும். போதையிலோ வெறியிலோ இருக்கிறவனுக்கு அந்த வலி உறைக்காது. சில இடங்களில் அடிபட்டால் வலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உடம்பே ஒத்துழைக்காது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அந்த எலும்பை ஒட்டியே, மேலே சதைப் பாதுகாப்பு அதிகம் இல்லாமல் போகிறது. அங்கே பலமாக அடி விழுந்தால் கால் மரத்துப்போகும், துரத்தி வர முடியாது. நெஞ்சுக்குழியில் விழுந்தால், மூச்சை இழுக்கிற தசையான உதரவிதானம் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வராது. தாடையில் பட்டுத் தலை வெடுக்கென்று திரும்பினால் மூளை குலுங்கி ஆள் சாய்வான்.

இதில் எதையும் விரலால் குத்தச் சொல்லமாட்டேன். பயம் வந்தால் கை நடுங்கும், விரல் சொன்னபடி கேட்காது, எதிராளியும் சிலை மாதிரி நிற்கமாட்டான். உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை, முழங்கால் போதும். குறி அரை சாண் தள்ளி விழுந்தாலும் ஏதாவது ஆகும். தொடாமல் பார்வையாலேயே சாய்க்கிற நோக்கு வர்மத்தை நம்பி ஒரு பெண்ணை ராத்திரி பஸ்ஸில் அனுப்ப எனக்கு மனசு வராது.

கழுத்தின் பக்கவாட்டில் அடிப்பது என் வகுப்பில் விளையாட்டுக்குக்கூடக் கிடையாது. மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் இருக்கிறது. ரத்த அழுத்தத்தை உணர்கிற இடமும் அதுதான். அடிபட்டால் இதயத்துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம், ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம்கூட வரும். குரல்வளை அதைவிட மோசம், உள்ளே வீங்கினால் மூச்சுப்பாதையே அடைத்துக்கொள்ளும். நெஞ்சில், இதயத்துக்கு நேரே, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடியில் அடி விழுந்து நல்ல ஆரோக்கியமான பையன்கள் மைதானத்திலேயே இறந்திருக்கிறார்கள், பந்து பட்டும்கூட. ஒருமுறை சித்தப்பா மகனுக்கு நெஞ்சுக்குழியில் கம்பு முனை குத்திவிட்டது. பெரியப்பா அவனை உட்காரவைத்து முதுகைத் தடவி மூச்சு வரவைத்தார், அடுத்த நிமிடமே டிவிஎஸ் 50-ல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடங்கல் தெரிந்தவரே டாக்டரிடம் போனதை நான் மறக்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37-வது பிரிவு. விழுந்தவனை மறுபடி மிதிப்பது தற்காப்பில் சேராது.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். உமி மூட்டை ஒன்றை வேப்பமரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி, அதில் சிவப்புத் துணி சுற்றி, "இந்த இடந்தான். உதைச்சிட்டு, கத்திக்கிட்டே அந்தச் சுவர் வரைக்கும் ஓடணும்" என்றேன். முதல் உதை கீழே விழுந்தது. இரண்டாவதில் உதைத்தாள், கத்த மறந்துவிட்டாள். நாலாவது தடவை மூட்டை ஆடியது, அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.