ஒரே கையில் இரண்டு வயது

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு வந்த ஏழாவது மாதம் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே எண்பத்தாறு வயது அம்மா ஒருவரைக் குளிப்பாட்டும் பொறுப்பு வந்தது. முழங்கைக்குக் கீழே அவர் தோல் வெங்காயச் சருகு போல இருந்தது. பழுப்புப் புள்ளிகள், ஆங்காங்கே ஊதா நிறக் கன்றல்கள். கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே கிழிந்துவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். இங்கே அதற்கு 'ஸ்கின் டேர்' என்றே பெயர். கிழிந்தால் கட்டுப் போட்டு, குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

சோப்பு போடக் கையை மெல்ல உயர்த்தினேன். மேல்கையின் உட்புறம் வெண்ணெய் போல இருந்தது. மெல்லிய கோடுகள் தவிர ஒன்றுமில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டும் ஒரே கை, ஒரே எண்பத்தாறு வருடம். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "வெளிப்பக்கம் டென்னிஸ் ஆடியது, கண்ணு. உள்பக்கம் ஆடவில்லை."

எனக்கு உடனே ஆச்சியின் ஞாபகம் வந்தது. ஆச்சி தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரியவர். மேலே வெயில், கீழே பாத்தியில் வெள்ளை உப்பிலிருந்து எதிரடிக்கும் வெளிச்சம். ஐம்பது வயதிலேயே பிடரியில் கட்டம் கட்டமாகக் கோடுகள், கன்னத்தில் கருமை. ஆனால் ரவிக்கை மூடிய இடம் இளம்பெண்ணின் தோல் போல இருக்கும். சின்ன வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு, "இங்க மட்டும் ஏன் ஆச்சி இப்படி?" என்று தோளைத் தொட்டுக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் எனக்கு ஆஸ்திரேலியாவில்தான் கிடைத்தது.

வந்த புதிதில் சன்ஸ்கிரீன் என்பது வெள்ளைக்காரர்களுக்கானது என்று உறுதியாக நம்பினேன். வெயிலில் சிவந்து தோல் உரிவது அவர்களுக்குத்தானே, நாம் வெயிலிலேயே பிறந்தவர்கள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது சீருடையோடு அகலத் தொப்பியும் வாங்கச் சொன்னார்கள். தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்பது இங்கே பல பள்ளிகளில் விதி. ஒருநாள் தொப்பியை மறந்துவிட்டோம். இடைவேளை முழுவதும் அவளைத் தாழ்வாரத்து நிழலிலேயே உட்கார வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் விசாரித்தபோது இதன் பின்னால் எவ்வளவு நீண்ட அனுபவம் இருக்கிறது என்று தெரிந்தது. 1981இல் 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' என்று ஒரு கடற்காக்கை பாடி ஆடும் விளம்பரம் வந்திருக்கிறது. சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை என்பதுதான் அதன் பொருள். இந்த நாட்டில் மூன்று பேரில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படும் என்பது புற்றுநோய் கவுன்சில் சொல்லும் கணக்கு.

இங்கே வானிலையோடு யூவி குறியீட்டையும், அதாவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் அளவையும் சொல்கிறார்கள். 3 தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். பிரிஸ்பேனில் குளிர்காலத்து நண்பகலில்கூட அது 3ஐத் தாண்டும். ஜனவரியில் 12, 13 சாதாரணம். சென்னையிலும் கோடையில் இந்த அளவு உண்டு. ஆனால் ஊரில் வெயிலே நம்மை விரட்டிவிடும். பன்னிரண்டு மணிக்கு முடிந்தவரை யாரும் வெளியே நிற்க மாட்டோம், நின்றாலும் தலையில் துண்டோ முந்தானையோ இருக்கும். இங்கே கடற்காற்று வீசும், இருபத்திரண்டு டிகிரிதான் இருக்கும், சுகமாகப் பூங்காவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுவோம். சூட்டை உடம்பு உணரும், புற ஊதாக் கதிரை உணராது. சூட்டை வைத்தே வெயிலை அளந்து பழகிய நமக்கு இந்த ஊரில் அந்த அளவுகோல் உதவவில்லை.

இரண்டாம் வருடம் கன்னத்தில் மங்கு வந்தது. முதலில் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். வலது கன்னத்தில் அதிகம், இடதில் குறைவு. கோயிலில் பார்த்த அக்கா ஒருவர் ஊரிலிருந்து வந்த க்ரீம் ஒன்றைத் தந்தார். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. விட்டதும் சிவந்து எரிந்து, மங்கு முன்னைவிட அடர்ந்துவிட்டது. அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை டப்பாவைப் பார்த்து மருத்துவர்தான் சொன்னார். மாதக்கணக்கில் பூசினால் தோலையே மெலிய வைத்துவிடும் மருந்து அது. அக்காவும் அன்போடுதான் தந்தார், அவருக்கும் தெரியாது. இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது அப்படி ஒரு டப்பா இருந்தால், தயவுசெய்து முகத்தில் பூசும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நிறமி செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, அது எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். நம் தோலில் அந்த மெலனின், உயிரணுவின் மையக்கருவுக்கு மேலே ஒரு குடை போலக் கவிந்து நிற்கும். ஆச்சியை இத்தனை வருடம் காப்பாற்றியது அந்தக் குடைதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அடர் கறுப்புத் தோலின் இயல்பான காப்பு எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் காப்பு எண்) 13 அளவு, வெள்ளைத் தோலுக்கு 3க்குச் சற்று மேல் என்று 1979இல் வெளிவந்த ஓர் அளவீடு சொல்கிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவர் நடுவில் எங்கோ இருக்கிறோம்.

புற ஊதாவில் பி வகை தோலின் மேற்பரப்பைச் சுடும். ஏ வகை இன்னும் ஆழமாக இறங்கும். அதனால் தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை அரிக்கும் நொதிகள் தூண்டப்படும், தோலை இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டின் இழைகள் சிக்குப் பிடிக்கும். மெலனின் குறைந்தவர்களுக்கு இது சீக்கிரம் சுருக்கமாகத் தெரிந்துவிடுகிறது. நமக்குச் சுருக்கம் பல வருடம் தள்ளியே வரும். அதற்கு முன்பே நிறம்தான் மாறும்: மங்கு, கரும்புள்ளி, கண்ணைச் சுற்றிக் கருமை, பரு போன பின்னும் போகாத தழும்பின் நிறம். காக்கிற நிறமியே சீண்டப்பட்டால் திட்டுத் திட்டாகப் படிந்துவிடுகிறது. சுருக்கம் இல்லையே என்று நான் நிம்மதியாக இருந்த காலத்தில் என் தோல் வேறு விதமாக வயதாகிக்கொண்டிருந்தது.

வலது கன்னத்துக்கான காரணத்தையும் அவரிடமே கேட்டேன். "தினம் எவ்வளவு நேரம் கார் ஓட்டுகிறீர்கள்?" என்றார். காரின் முன்கண்ணாடி ஏ வகைக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பக்கக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் புகைப்படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்ததாகச் சொல்லி, கணினியில் காட்டினார். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அந்த மனிதரின் இடது கன்னம் தொங்கி, ஆழமான கோடுகள் விழுந்து, வலது கன்னத்தைவிடப் பல வருடம் மூத்ததாகத் தெரிந்தது. இங்கே ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம்.

பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் நாம்பூர் என்று ஓர் ஊர். அன்னாசித் தோட்டம் பார்க்க அந்தப் பக்கம் போயிருக்கிறோம். 1992 முதல் 1996 வரை அந்த ஊர்க்காரர்களை வைத்துத்தான் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஒரு பிரிவினர் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள், மற்றவர்கள் தோன்றும்போது பூசினார்கள். 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் தோலை ஆராய்ந்ததில், தினம் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு என்று 2013இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் வெளிர் தோல்காரர்கள்தான், எனவே அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் காலையில் பல் தேய்ப்பதுபோல் ஒரு பழக்கம் இவ்வளவு செய்கிறது என்பது என்னை அசைத்தது.

மருத்துவர் எனக்கு நிறமேற்றிய சன்ஸ்கிரீன் எழுதித் தந்தார். மங்கைத் தூண்டுவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, இரும்பு ஆக்சைடு கலந்த வகை அதையும் ஓரளவு தடுக்கும். சாதாரண வகை பூசினால் விபூதி பூசியது போல வெளுத்துத் தெரியும், இதில் அந்தத் தொல்லையும் இல்லை. கூடவே ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. நம் நிறத்துக்கு வைட்டமின் டி உருவாக வெயில் கூடுதலாக வேண்டும், நானோ பகல் முழுக்க கட்டடத்துக்குள் இருக்கிறேன். அதற்கு மாத்திரை தந்தார். மச்சங்களைப் பார்க்கும்போது காலணியைக் கழற்றச் சொன்னார். மாநிறத்தவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருவது அரிது, வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் ஒளிந்துகொள்ளும், வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை என்றார். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு ஏதாவது வந்தால் காத்திருக்காமல் வரச் சொன்னார்.

மங்கு முழுதாகப் போகவில்லை, பாதி மங்கியிருக்கிறது. வெளுக்க வேண்டும் என்று நான் இதைச் செய்யவில்லை. என் நிறம் ஆச்சியின் நிறம், அது எனக்கு வேண்டும்.

போன பிப்ரவரியில் ஊருக்குப் போனபோது, பிடரியை மூடும் துணி தொங்கும் தொப்பிகள் நான்கு வாங்கிப் போனேன். சித்தி இன்னும் அளத்துக்குப் போகிறார். விடியும் முன்னே கிளம்பினாலும் திரும்பும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிடும். "துண்டு இருக்குல்லா, இது எதுக்கு?" என்றார். தலையில் துண்டைக் கட்டி அதன் மேல் தொப்பியை வைத்துப் பார்த்தோம், சரியாக உட்கார்ந்தது. போன வாரம் வீடியோ காலில் வந்தபோது அளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தார், தொப்பியோடு. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களையும் திரையில் காட்டி, "இவளுகளுக்கும் ஒண்ணு வேணுமாம்" என்றார்.