ஐஐஎஸ் கிடைக்க எனக்கு உதவிய ஐந்தாவது வரி

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் சர்வீஸ் ஒதுக்கீடு வந்துவிட்டது. எனக்கு இந்தியத் தகவல் பணி (ஐஐஎஸ்). கேட்டதே கிடைத்த நிம்மதியில் எழுதுகிறேன். "ரேங்கை ஏற்ற இன்னொரு முறை எழுதலாமே" என்று அண்ணா நகர் நண்பர்கள் சொல்கிறார்கள். எழுதப் போவதில்லை. அரசின் சார்பில் மக்களிடம் பேசுகிற வேலைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன்.

2020-ல் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த கொரோனா பேட்டிகள் மறந்திருக்காது. கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவிய மே மாதம், அப்போதைய சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் எண்ணிக்கையைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அவ்வளவு கவலையிலும் அவர் நிதானமாகப் பேசியது கொஞ்சம் தைரியம் தந்தது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன். பிரிலிம்ஸுக்குப் பழைய வினாத்தாள்கள் போதும். என்னைக் கரையேற்றியது வேறு பழக்கம். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிடும் செய்திக் குறிப்பு ஒன்றைத் தினமும் ஐந்து வரியாகச் சுருக்குவேன்:

- என்ன முடிவு
- யாருக்கு
- எவ்வளவு பணம்
- எப்போதிலிருந்து
- நிருபர் கேட்கப்போகும் முதல் கேள்வி

முதல் நான்கை யாரும் எழுதிவிடலாம். ஐந்தாவதுதான் உயிர். புது மருத்துவமனைக்கு நிதி என்று குறிப்பு சொன்னால், "டாக்டர்களை எப்போது நியமிப்பீர்கள்?" என்று எழுதுவேன். மறுநாள் பேப்பரில் அந்தக் கேள்வி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மெயின்ஸில் 10 மதிப்பெண் கேள்விக்கு 150 சொல்தான். திட்டத்தைப் புகழ்ந்தே பாதிப்பேர் இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஐந்தாவது வரி எழுதிப் பழகியதால், குறைகளை அலசும் இரண்டாம் பாதி எனக்குத் தானாக வந்தது.

இண்டர்வியூவிலும் அதே. டாஃபில், அதாவது எந்த சர்வீஸ் வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தரும் விரிவான விண்ணப்பத்தில், ஐஐஎஸ்ஸை மேலே போட்டிருந்ததால் போர்டு அங்கேயே நின்றது. "கட்சிக்கு உத்தி வகுப்பவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" 2021 தேர்தலில் திமுகவுக்கு ஐபேக் என்ற தேர்தல் உத்தி நிறுவனம் வேலை செய்ததைச் சொன்னேன். அவர்களுக்கு இலக்கு வெற்றி. நானோ ஆட்சி மாறினாலும் அதே பணியில் இருப்பவன், மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளின் 5-ஆம் விதி என்னைக் கட்சி அரசியலில் இறங்கவிடாது என்றேன். "அரசின் முடிவு தவறென்று பட்டால்?" 9-ஆம் விதிப்படி வெளியே விமர்சிக்க முடியாது, கோப்பில் எழுதுவேன், நிருபரிடம் பொய் சொல்ல மாட்டேன், சொல்லக்கூடாததை "இப்போது சொல்ல இயலாது" என்பேன். இது மனப்பாடம் செய்த பதில் இல்லை, நான் நம்புவது.

டாஃப் நிரப்புமுன்:

- வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி. 2001-ல் அங்கே முதல் பெண் செய்தித் தொடர்பாளரானவர் நிருபமா ராவ். அந்த மேடைதான் வேண்டுமென்றால் ஐஎஃப்எஸ் கேளுங்கள்.
- எச். ஒய். சாரதா பிரசாத் பற்றிப் படியுங்கள். பத்திரிகையாளராக இருந்து இந்திரா காந்திக்கும் பிறகு ராஜீவ் காந்திக்கும் ஊடக ஆலோசகரானவர்.
- ஐஐஎஸ் 1960-ல் மத்திய தகவல் பணியாகத் தொடங்கியது. பயிற்சி டெல்லியில் உள்ள இதழியல் கல்வி நிறுவனமான ஐஐஎம்சியில்.
- மாக் இண்டர்வியூக்களை (ஒத்திகை நேர்காணல்களை) நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். பத்துப் பேர் கருத்துச் சொன்னால் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சும். போனில் பதில்களைப் பதிவு செய்து தனியாகக் கேட்டேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதுவே நல்லது.
- இடம் இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.