க்ராக்சைட்: பீரங்கி வித்தவர் கட்டின கரண்ட் வீடு

நேத்து ராத்திரி ஒம்பது மணிக்குதான் ரூமுக்கு வந்து சேர்ந்தேன், கால் ரெண்டும் இன்னும் கெஞ்சுது, ஆனா சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும். இங்கிலாந்துல நியூகாசில்ல இருந்து க்ராக்சைட் வீட்டுக்கு எப்படி போறது, எவ்வளவு ஆகும்னு வரிசையா எழுதுறதாதான் பிளான். பாப்போம்.

முதல்ல அந்த பஸ். நாப்பது நிமிஷம் லேட். ஹீட்டர் வேலை செய்யல, ஜன்னல் தடதடன்னு ஆடுது, ஆள் இறங்காத ஊர்ல எல்லாம் நின்னு நின்னு போறான், எனக்கு முன்னாடி இருந்த பாட்டி மட்டும் நிம்மதியா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு வந்தாங்க. ராத்பரில இறங்கினா, அங்க இருந்து வீடு ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது, டாக்ஸிக்காரர் கூசாம பதினஞ்சு பவுண்ட் கேக்குறார். நம்ம காசுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல! அந்த காசுல எனக்கு ஒரு வாரம் சோறு ஓடும். நடந்தேன். ஏத்தம்னு யாரும் சொல்லல.

ஆனா மரத்துக்கு நடுவுல பாறை மேல அந்த வீடு தலைய காட்டினதும் மூச்சு வாங்குனதெல்லாம் மறந்தே போச்சு. 1863ல வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் லீவுக்கு வந்து தங்க சின்னதா கட்டின வீடுதான் இது. அப்புறம் 1869ல இருந்து ரிச்சர்ட் நார்மன் ஷாங்கற ஆர்க்கிடெக்ட்ட விட்டு வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டே போயிருக்கார், அதனால ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் டியூடர் காலத்து வீடு மாதிரி வெள்ளச் சுவத்துல கறுப்பு மரச்சட்டம், மேல ஒசர ஒசரமா புகைபோக்கி, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் வேற வேற வீடு மாதிரி இருக்கு. ஆர்க்கிடெக்சர் படிச்சவங்க என்னவோ சொல்லிக்கட்டும், எனக்கு கூட்டுக்குடும்பத்துல கல்யாணம் ஆக ஆக ரூம் இழுத்துக் கட்டின வீடு மாதிரிதான் பட்டுச்சு. ஆனா அழகு, அத மறுக்க முடியாது.

ஈஈஈ, அதாவது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், படிச்சவன் நான், வந்ததே லைப்ரரி லைட்ட பாக்கத்தான். ஆர்ம்ஸ்ட்ராங் வக்கீலா இருந்து இன்ஜினியர் ஆனவர், தண்ணி அழுத்தத்துல ஓடுற கிரேன் செஞ்சு பேர் வாங்கினவர். தன் எஸ்டேட்டுக்குள்ளயே ஓடைய மறிச்சு ஏரி வெட்டி, அந்த தண்ணில டைனமோ சுத்தி, 1878லயே படம் மாட்டி வச்சிருந்த கேலரில ஆர்க் லேம்ப் (ரெண்டு கரிக்குச்சிக்கு நடுவுல தீப்பொறி பறந்து எரியற லைட்டு) எரிய விட்டிருக்கார். நம்மூர்ல, நீலகிரில பைக்காரா நீர்மின் நிலையம் வந்ததே 1932ல! ஆர்க் லேம்ப் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 1880ல, நியூகாசில்ல கெமிஸ்ட்டா இருந்த ஜோசப் ஸ்வான் கண்டுபிடிச்ச பல்ப் லைப்ரரிக்கு வந்துச்சு. அதுலதான் சூட்சுமம். பல்ப நாலு எனாமல் ஜாடி மேல வச்சிருக்காங்க, ஜாடி செம்பு, அதனால ஜாடி உடம்பே ரிட்டர்ன் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போற வழி. அடி பீடத்துல சின்னக் கிண்ணத்துல பாதரசம், அப்போ அது வழியாதான் கரண்ட் உள்ள போச்சு. சுவிட்சே இல்லாம இருந்துச்சு. ஜாடிய தூக்கினா அணையும், திரும்ப வச்சா எரியும். எங்க லேப் சார் இத பாத்திருந்தா ரெக்கார்ட் நோட்ட தூக்கி மூஞ்சில எறிஞ்சிருப்பார். நான் அந்த ஜாடிங்க முன்னாடி அரை மணி நேரம் நின்னேன், அங்க இருந்த வாலண்டியர் அம்மா "ஆர் யூ ஆல்ரைட், லவ்"னு ரெண்டு தடவ கேட்டுட்டாங்க.

கிச்சன்ல கறி வாட்டுற கம்பி அந்தக் காலத்துல தண்ணி விசைல சுத்துமாம், வேலைக்காரங்க நிலக்கரி தூக்க லிஃப்ட், அதுவும் தண்ணி. கீழ துருக்கி குளியல் அறை வேற. மேல டிராயிங் ரூம்ல ஒரு பளிங்கு அடுப்பு முகப்பு, 10 டன்னாம், 1884ல வேல்ஸ் இளவரசர் வந்தப்போ காட்டுறதுக்கு. எனக்கு பிடிக்கல. மைதா மாவுல செஞ்ச கல்யாண மேடை மாதிரி இருக்கு. டைனிங் ரூம்ல, "கிழக்கோ மேற்கோ, வீடுதான் ஒசத்தி"ன்னு கல்லுல செதுக்கி வச்ச அடுப்படி மூலைதான் இந்த வீட்லயே மனுஷன் உக்காந்து பேசுற எடம்.

இதுக்கெல்லாம் காசு? பீரங்கி. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ரெண்டு பக்கத்துக்கும் வித்தவர். அத படிச்சுட்டு லெமன் சாதம் கொஞ்சம் கசந்துச்சு, ஆனா பசி, வெளிய பெஞ்சுல குளிர்ல நடுங்கிக்கிட்டே டப்பாவ காலி பண்ணிட்டேன்.

அப்புறம் கீழ பவர் ஹவுஸ், இரும்புப் பாலம், ஏரின்னு சுத்தினேன், ரெண்டும் கெட்டான் செருப்போட. டிக்கெட் காசுக்கு முழு நாளும் வேணும், மத்தியானம் போறவங்க போகாதீங்க. டைமிங், செலவு கணக்கெல்லாம் அடுத்த போஸ்ட்ல போடுறேன்.

திரும்புற பஸ் மட்டும் கரெக்ட் டைமுக்கு வந்து போயிடுச்சு. நான்தான் டர்பைன் பாத்துக்கிட்டு நின்னேன்.