அட்டையில் எம்பயர் ஸ்டேட்: வேலை இதுவரை

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். இந்த அளவை எடுத்ததற்குச் சோம்பல்தான் காரணம். நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் இங்கே ஒரு மில்லிமீட்டர், கணக்குப் போடும் வேலையே இல்லை. 381 மீட்டர் கட்டடம் 381 மி.மீ. ஆகிவிடும். உச்சியில் இப்போது இருக்கும் ஆன்டெனாவைச் சேர்த்தால் 443. ஆனால் அந்த ஆன்டெனா 1950-51 வாக்கில்தான் வந்தது. நான் செய்வது 1931இல் திறந்தபோது இருந்த கட்டடம் என்பதால் 381உடன் நிறுத்திக்கொள்கிறேன்.

மனை சுமார் 129க்கு 60 மீட்டர். தெருவை ஒட்டி ஐந்து மாடி மட்டும் எழும்புகிறது. அதற்கு மேல் ஐந்தாவது அவென்யூ பக்கத்தில் கட்டடம் 18 மீட்டர் போல உள்வாங்கிவிடுகிறது. அப்புறம் 21, 25, 30ஆம் மாடிகளில் படிகள். அதன் பின் 72 வரை ஒரே ஓட்டம்.

இந்தப் படிகள் அலங்காரத்துக்கு வைத்தவை போலத் தெரியும். உண்மையில் பாதி சட்டம், பாதி லிஃப்ட். தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று நியூயார்க் 1916இல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி உயரம் போகப்போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும். மனையில் கால்பங்குக்குள் அடங்கிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். லிஃப்ட் சங்கதி இன்னும் சுவையானது. கீழ்மாடிகளுக்கான லிஃப்டுகள் பாதியிலேயே நின்றுவிடுவதால் நடுவில் அவற்றுக்கான இடம் மேலே போகப்போகக் குறைகிறது. ஜன்னல் வெளிச்சம் எட்டாத அறைக்கு நல்ல வாடகை கிடைக்காது. அதனால் நடு இடம் சுருங்கும்போது வெளிச்சுவரையும் உள்ளே இழுத்துவிட்டார் கட்டடக் கலைஞர் வில்லியம் லேம்ப். அட்டையை அடுக்கடுக்காக ஒட்டும்போதுதான் இந்தத் தர்க்கம் கைக்குப் பிடிபடுகிறது.

முகப்புக்கு வந்தேன். சுமார் 6,500 ஜன்னல்கள். பழைய கட்டடங்களில் ஜன்னல் சுவருக்குள் தள்ளி இருக்கும். அப்படி இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் கட்டரால் வெட்டிக் குடைய வேண்டியிருக்கும். இதில் ஜன்னல்கள் கல்லின் முகத்தோடு கிட்டத்தட்டச் சமமாக நிற்கின்றன. மேலுக்கும் கீழுக்குமான இடைவெளியில் அலுமினியத் தகடு, இருபுறமும் நெடுக ஓடும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை. கல்லின் ஓரங்கள் அந்தப் பட்டைக்குள் மறைந்துவிடுவதால் அவற்றை நுணுக்கமாகச் செதுக்கித் தீட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. இரும்புச் சட்டகம் எழ ஆரம்பித்தது 1930 மார்ச் 17. திறப்பு விழா 1931 மே 1. இந்த வேகத்துக்கு இத்தகைய மிச்சங்களும் ஒரு காரணம். எனக்கும் அதே லாபம்தான்: ஸ்டிக்கர் தாளில் கோடு கோடாக அச்சிட்டு நெடுக்குவாட்டில் ஒட்டினால் முகப்பு முடிந்தது.

இடையில் ஒரு கணக்கு. நிஜக் கட்டடத்தின் எடை சுமார் 3,31,000 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆயிரத்தில் ஒன்றாகும்போது எடை நூறு கோடியில் ஒன்றாகும். ஆக, என் மாதிரி 331 கிராம் இருக்க வேண்டும். கால் கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட! 57,000 டன் இரும்பு, ஒரு கோடிச் செங்கல் என்றெல்லாம் படித்துவிட்டு இதைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. எவ்வளவு இரும்பு போட்டாலும் உள்ளே பெரும்பகுதி காற்றுதானே.

இப்போது 86ஆம் மாடி வரை, அதாவது 320 மி.மீ., நிற்கிறது. 102 மாடி என்கிறார்களே, மீதி 16? அது ஆகாயக் கப்பலை (வாயு நிரப்பிய ராட்சத பலூன் போலப் பறக்கும் வாகனம்) கட்டிப்போடுவதற்கென்று சொல்லி எழுப்பிய கம்பம். அட்லாண்டிக் கடந்து வரும் பயணிகள் அங்கே இறங்கிப் போவார்கள் என்பது திட்டம். அந்த உயரத்தில் அடிக்கும் காற்றில் அது நடக்கிற காரியமா? ஒரு பயணிகூட அப்படி இறங்கவில்லை. உயரப் போட்டியில் ஜெயிப்பதற்கு ஒரு சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. கம்பத்துக்குப் பேனா மூடி ஒன்று பொருந்தி வருகிறது, கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

அளவு புரிவதற்காக ஒரு பி-25 குண்டுவீச்சு விமானத்தையும் தாளில் வெட்டிப் பக்கத்தில் வைத்தேன், இறக்கை 20 மி.மீ. 1945 ஜூலை 28 அன்று மூடுபனியில் இந்த ரக விமானம் ஒன்று 79ஆம் மாடியருகே வடக்கு முகப்பில் மோதியது. 14 பேர் இறந்தார்கள். லிஃப்ட் இயக்கிய பெட்டி லூ ஆலிவர் 75 மாடி உயரத்திலிருந்து லிஃப்டோடு விழுந்தும் பிழைத்தார். நடந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை பல அலுவலகங்கள் திறந்துவிட்டன.

உள்ளே எல்.இ.டி. வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 1931இல் பொருளாதார மந்தத்தால் வாடகைக்கு ஆள் வராமல் கட்டடம் பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. வைத்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எரியவிட வேண்டும்.

இது முடிந்ததும் அதே அளவில், உயரப் போட்டியில் இதற்கு எதிராளியாக இருந்த நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம், 319 மி.மீ. அதன் உச்சிக்கான 56 மீட்டர் எஃகு ஊசியை உள்ளேயே ரகசியமாகப் பூட்டி வைத்து, 1929 அக்டோபரில் திடீரென்று மேலே ஏற்றினார்கள். அட்டைக்குள்ளிருந்து ஊசி மேலே எழும்புகிற மாதிரி செய்ய முடியுமா என்று, பழைய பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.