பழைய கேம்பர்வேன்: அடுப்பைப் பார்ப்பதற்கு முன் அடிப்பாகத்தைப் பார்த்தோம்

மில்டன் கீன்ஸில் வசிக்கும் நாங்கள் சென்ற ஆண்டு வாங்கியது 1999ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் டி4 கேம்பர்வேன், அதாவது உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதி செய்த வேன். 2.5 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல் என்ஜின். ஓடிய தூரம் 1,62,000 மைல். ஃபோக்ஸ்வாகனின் டிரான்ஸ்போர்ட்டர் வேன் வரிசையில் என்ஜின் முன்பக்கத்துக்கு வந்தது 1990இல் வெளியான இந்த டி4இல்தான் என்பதால், முந்தைய வண்டிகளில் என்ஜின் பிடித்துக்கொண்டிருந்த பின்பகுதி இதில் படுக்கைக்குக் கிடைத்துவிடுகிறது. இதன் உற்பத்தி 2003இல் நின்றுவிட்டது. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் பிரிட்டனில் இத்தனை ஆண்டுகள் ஓடிய வண்டியில் துருவே இராது என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அது எந்த இடத்தில், எவ்வளவு ஆழமாக ஏறியிருக்கிறது என்று கண்டறிந்து, அதற்கேற்ப விலை பேச வேண்டும்.

இதை நான் உணர்ந்தது முதலில் பார்த்த வண்டியில். கடலோர ஊர் ஒன்றில் ஒரு வியாபாரி வைத்திருந்த அந்த வண்டிக்குள் வெளிர் நிற மரப் பெட்டிகளும், புதிய மெத்தையும், பளபளக்கும் அடுப்பும் இருந்தன. மனைவிக்கும் மகளுக்கும் உடனே பிடித்துவிட்டது, உண்மையில் எனக்கும்தான். ஆனால் பானெட்டில் கை வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. பழைய டீசல் என்ஜினின் குறைகள் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் வெளிப்படும். நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ அதைக் கிளப்பி ஓட வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முழுவதும் புத்தம் புதிய கறுப்புத் தார்ப்பூச்சு. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சென்றிருந்த காந்தத்தைக் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. அங்கே தகடு இல்லை, பட்டி பூசி வண்ணம் அடித்திருந்தார்கள்.

அங்கேயே நின்று அரசின் இணையதளத்தில் பதிவெண்ணை இட்டுப் பார்த்தேன். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையின் வரலாற்றை, எந்த வண்டிக்கும், அதில் கட்டணமின்றிப் பார்க்கலாம்: தேறியதா, தவறியதா, எத்தனை மைல் ஓடியிருந்தது, சோதித்தவர் எதைப் பற்றி எச்சரித்தார் என எல்லாம் இருக்கும். அந்த வண்டிக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜாக்கி வைக்கும் இடத்தில் துரு என்று எழுதப்பட்டிருந்தது. வாங்க நினைக்கும் எவரும் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும்; நான் படிக்காமல் போனதால் ஒரு நாள் வீணாயிற்று.

இரண்டாவது வண்டி நார்தாம்ப்டன்ஷயர் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் இருந்தது. நான் வரும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். அவரும் நான் கேட்டபடியே செய்தார். அன்று நல்ல மழை, அதுவே எனக்கு உதவியது. மேலே தூக்கி விரிக்கும் துணிப் பக்கங்கள் கொண்ட தூக்கு கூரையின் மடிப்புகளில் விரலை ஓட்டி ஈரம் தேடினேன். மெத்தையைத் தூக்கி, ஒட்டுப்பலகையின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தண்ணீர் குடித்த பலகை தேநீரில் நனைந்த ரொட்டி போல உள்ளே போகும், இது உறுதியாக நின்றது. மகள் உட்காரப் போகும் பின் இருக்கையின் சீட் பெல்ட், பலகையில் அல்ல, தரைத் தகட்டைத் துளைத்து அடியில் இரும்புத் தகடு கொடுத்து போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. இதை மட்டும் நான் இரண்டு முறை படுத்துப் பார்த்தேன். பின் சக்கர வளைவில் துருவும், கூரைத் துணியில் ஒரு சாண் கிழிசலும் இருந்தன. இரண்டையும் அவரே காட்டினார். 600 பவுண்டு குறைத்தும் கொடுத்தார்.

வி5சி பதிவுப் புத்தகம் உரிமைக்குச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே கையெழுத்திட்ட ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு செலவு தொடங்கியது. இந்த என்ஜினுக்கு முன்பக்க டைமிங் பெல்ட்டைத் தவிர, டீசல் பம்பை இயக்கும் இன்னொரு பெல்ட் பின்பக்கம் உண்டு. கை எளிதில் எட்டாத இடம் என்பதால் பலர் முன்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். பின் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லாததால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். எரிவாயுக் குழாயில் 2009 என்று ஆண்டு அச்சிடப்பட்டிருந்தது, அதையும் மாற்றினோம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும் என்பதால், உருளை வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். எங்களுடையதில் அதைக் கால்மிதி விரிப்பு ஒன்று மூடியிருந்தது.

லண்டன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரம் முழுவதும், அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் யூலெஸ் விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. யூரோ 6 என்னும் புகை வெளியீட்டுத் தரத்தை எட்டாத டீசல் வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம். எங்கள் வண்டியும் அதில் சேர்வதால், லண்டனிலுள்ள ஹைகேட் முருகன் கோயிலுக்கு ரயிலில் போகிறோம், வண்டி வடக்கே போகிறது.

சென்ற மாதம் பீக் டிஸ்ட்ரிக்டில் இரவு முழுவதும் மழை. விடியும் முன் எழுந்து, தைத்த கிழிசலின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.