ஒன்பது மணித் தேநீரும் என் இரண்டாம் தடவையும்

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் முதல் தடவை தோற்றியபோது, பெறுபேறு என்ன வருமென்று வெளிவருமுன்பே எனக்குத் தெரியும். பாடம் தெரியாமல் இல்லை. ஆனால் கடைசி இரண்டு மாதமும் காரணமில்லாமல் அழுதேன். அம்மா கதவைத் தட்டினாலே எரிந்து விழுந்தேன். பலமுறை செய்து பழகிய பௌதிகவியல் கணக்குக்கும் கை நடுங்கியது. கண்ணூறு என்று அம்மம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நானோ, எனக்கு மனத்தைரியம் இல்லை என்று தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் தடவைக்கு நேர அட்டவணை போடுமுன், ஒரு வாரம் நான் எப்படி நாளைக் கழிக்கிறேன் என்று பழைய கொப்பியொன்றில் குறித்தேன். இரவு 9 மணிக்கு ஒரு தேநீர், பதினொன்றரைக்கு இன்னொன்று. படுப்பது 2 மணி. படுத்த பிறகும், வகுப்புத் தோழிகள் எத்தனை கடந்தகால வினாத்தாள் முடித்தார்கள் என்று கைப்பேசியில் பார்ப்பது. ஐந்தரைக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓட்டம். வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

தேநீர்தான் பெரிய குற்றவாளி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற இரசாயனப் பொருள் சேர்ந்துகொண்டே போகும். நித்திரை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நரம்புக் கலங்களில் அது அமரவேண்டிய இடங்களான வாங்கிகளில் தேநீரிலுள்ள கஃபீன் முந்திப்போய் அமர்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும். நரம்புத் தொகுதிப் பாடத்தில் வாங்கிகளைப் பற்றி மனனம் செய்துகொண்டே நான் அந்தக் கோப்பையைக் காலி செய்திருக்கிறேன்! நித்திரை குறைந்தால் அச்சத்தையும் கோபத்தையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி மிகையாகத் துடிக்கும். அதை அடக்கிவைக்கும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியின் பிடி தளரும். அம்மாவின் கதவுத்தட்டல் எனக்கு இடியாகக் கேட்டது அதனால்தான். பகலில் படித்தது நினைவில் உறைவதும் நித்திரையில்தான் என்பதால் எனக்கு இரட்டை நட்டம்.

கடைசித் தேநீரை மாலை 4 மணிக்கு மாற்றினேன். "தேத்தண்ணீர் இல்லாமல் எப்படிப் பிள்ளை விழித்திருப்பாய்?" என்றார் அம்மா. விழித்திருக்கப் போவதில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு விளக்கு கடைசியாக அணைகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை. முதல் நான்கைந்து நாள் தலைவலி. பத்தரைக்குப் படுத்தால் குற்ற உணர்வு. மூன்றாம் வாரமளவில்தான் காலையில் தலை தெளிந்தது.

கைப்பேசி இரவில் குசினி அலுமாரிக்குப் போனது. எழும்ப ஒரு மணிக்கூடு வாங்கினேன். காலையில் இரண்டு துண்டுப் பிட்டாவது சாப்பிட்டேன்.

மாலையில் அப்பாவோடு எங்கள் திருகோணமலையின் டச்பே கடற்கரையில் அரைமணி நேர நடை. சில நாள் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி, மான்களைப் பார்த்தபடி கோணேசர் கோயில் ஏற்றம் வரை போவோம். நடக்கும்போது பாடம் பேசக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அவருக்கு இரசாயனவியல் தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மாரி தொடங்கியதும் நடை நின்றது; அந்த வாரமே பழைய எரிச்சல் தலைகாட்டியது. பிறகு விறாந்தையிலேயே அங்குமிங்கும் நடந்தேன்.

இவை எல்லாருக்கும் போதாது. என் தோழி ஒருத்தி நேரத்துக்குப் படுத்தாள், ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஆனாலும் வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல் கிடந்தாள். அதைச் சோம்பல் என்று திட்டுபவர்களை நம்ப வேண்டாம். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

எனக்கு மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி உயர்ந்து, விரும்பிய வேறொரு பட்டப்படிப்பு கிடைத்தது. பரீட்சைக்கு முந்திய இரவு ஒன்பது மணிக்கு அம்மா வழமைபோல் கோப்பையோடு வந்து நின்றார். நான் முறைத்தேன். "கொத்தமல்லித் தண்ணீர்தான், குடித்துவிட்டுப் படு" என்றார்.