ஞாயித்துக்கெழம மாத்திரை

எனக்கு சொரியாசிஸ்னு தோல் செதில் செதிலா உதிர்ற நோய் வந்து 11 வருஷம் ஆச்சு. மொதல்ல பொடுகுன்னுதான் நெனச்சேன், தேசிக்காய் தேச்சு எரிச்சல்தான் மிச்சம். அப்புறம் பாத்தா தேயிலைக் கொழுந்துக் கூடைக் கயிறு பதியிற எடத்துல நெத்தியோரமா செவந்து தடிச்சு வெள்ளையா செதில் உதிருது, இடுப்புல படங்கு கட்டுற எடத்துலயும் அதே கததான். கயிறுதான் ஒத்துக்கலைன்னு துணி சுத்திக்கிட்டு மலைக்குப் போனேன். ரொம்ப நாள் கழிச்சு கண்டி ஸ்கின் கிளினிக்லதான் சொன்னாங்க, இந்த நோய் உள்ளவங்களுக்கு தோல் உரசுற எடத்துலயும் கீறுபட்ட எடத்துலயும் புதுசா கெளம்புமாம்.

தோட்டத்து லயத்து வீடுகள்ல சும்மா இருப்பாங்களா, ஒட்டுவாரொட்டின்னு தண்ணி புடிக்கிற பீலியில என் கொடத்தத் தள்ளி வச்சாங்க. இது தொத்தாது, ஒடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா வேல செஞ்சு, ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் சில நாள்லயே வளந்து உதிருது. எத்தன பேருக்குத்தான் வெளங்கப்படுத்துறது.

நான் செஞ்ச பெரிய மடத்தனம் டவுன்ல ஒரு எடத்துல பேரே இல்லாத மாத்திரை வாங்கிக் குடிச்சது. ரெண்டே கெழமையில ஒடம்பு பளிச்சுன்னு ஆயிருச்சு, மாமி கோயில்ல தேங்கா ஒடச்சாங்க. மாத்திரை முடிஞ்சு பத்து நாள் இருக்காது, முதுகு காலு எல்லாம் பொங்கிருச்சு, பாயை ஒதறுனா மாவு கொட்டுற மாதிரி. ஸ்டீரொய்ட் மாத்திரையா இருந்திருக்கும், சட்டுன்னு நிப்பாட்டுனா இப்படித்தான் ஆகும்னு டொக்டர் ஏசினாரு.

இப்ப இந்த நோய்க்கு கிளினிக்ல குடுக்குற மாத்திரை மெத்தோட்ரெக்சேட், கெழமைக்கு ஒரே ஒரு நாள். தெனமும் போட்டா உசுருக்கே ஆபத்துன்னு சொன்னதால மகன் கலண்டர்ல ஞாயிறு எல்லாத்துக்கும் வட்டம் போட்டு வச்சிருக்கான், ஃபோலிக் அசிட்ங்கிற விட்டமின் மாத்திரை வேற நாள். ஈரலுக்கும் ரத்த அணுவுக்கும் அடிக்கடி ரத்தம் செக் பண்ணணும், புள்ள பெத்துக்கிற யோசன இருந்தா முன்னாடியே சொல்லணும். கிளினிக் போற அன்னைக்கு பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போச்சு, அதுதான் வயித்தெரிச்சல்.

தை மாசப் பனியில கொதிக்கக் கொதிக்க ஊத்திக்கிட்டாத்தான் சொகம், ஆனா சுடுதண்ணி தோல காய வச்சிரும். வெதுவெதுப்பா குளிச்சு, ஈரம் காயும் முன்ன வாஸ்லின் பூசுறேன். சட்டையெல்லாம் பிசுபிசுன்னு ஆகுது, ஆகட்டும். கயித்துக்குக் கீழ பழைய பனியன மடிச்சு வச்சுக்கிறேன், நெத்தி இப்ப சுத்தம், முழங்கையில மட்டும் விடமாட்டேங்குது.

போன மாசத்துல இருந்து காலையில வெரல் மூட்டு வெறச்சுப் போயி கொழுந்து கிள்ள வரமாட்டேங்குது. இந்த நோய் மூட்டையும் புடிக்கும்னு முன்னாடியே சொல்லியிருக்காங்க. டொக்டர்கிட்ட சொல்ல மறந்துறக் கூடாதுன்னு கிளினிக் கொப்பி மேலேயே பெருசா எழுதி வச்சிருக்கேன்.